நாலாம் தண்ணீர்

"ஒரு நாளைக்கி ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது லிட்டரும்மா! எங்க கிளாஸ்லயே நம்ம வூடுதான் ஃபர்ஸ்ட்டு."

"ஃபர்ஸ்ட்டுன்னா நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சிய அப்டி வெச்சிருக்க?"

"ஐயோ, உனுக்கு ஒண்ணும் புரியாது. தண்ணி செலவு பண்றதுல ஃபர்ஸ்ட்டு. எல்லா பொண்ணுங்களும் இன்னா கேட்டாளுங்க தெரியுமா? வரதர் கோயிலு யானை உங்க வூட்லதான் குளிக்குதாடின்னு கேக்கறாளுங்க."

கிரேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த பட்டு நூல் சிட்டத்தைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கைகள் இரண்டும் மணிக்கட்டுக்கு மேல்வரை சிவப்பாக இருந்தன. சிரிக்காத மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் அவளுக்கு உறைத்தது.

ஏஞ்சல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீடு பூமிக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று ஒரு மாதம் அளந்து எழுத வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்திருந்த வேலை. தண்ணீர், மின்சாரம், கேஸ், குப்பை என்று நான்கு கட்டம். அடுத்த இரண்டு மாதத்தில் அதைக் குறைத்தும் காட்ட வேண்டும். அன்று முதல் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள முடியவில்லை. ஒரு வாளிக்கு ஒரு கரிக்கோடு. குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கக் கோடு. குப்பையைக்கூடப் பழைய பேப்பர்காரனின் தராசைக் கெஞ்சி வாங்கி நிறுத்தாள்.

"கேஸு கம்மி, கரண்டு கம்மி. குப்பையே இல்ல நம்ம வூட்ல. தண்ணிதான் மானத்த வாங்குது" என்றாள் ஏஞ்சல். "இதுல நாம குடிச்சது, குளிச்சது, தொவைச்சது எல்லாம் சேத்து முன்னூத்தி எழுவதுதான். மிச்சம் ஆயிரத்து நானூத்தி எழுவதும் நீ நூலு அலசுனது."

"அலசாம எப்டிடி?"

"நான் அலச வேணான்னு சொன்னனா? எழுதியிருக்கறத சொன்னேன்."

வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு அடுப்பு, இரண்டு செப்பு அண்டா, ஒரு சிமெண்டுத் தொட்டி. கிரேஸின் கணவர் யேசுதாஸின் அப்பா பிறத்தியார் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டியவர். யேசுதாஸ் பதினைந்து வயதில் ஒரு சாயப்பட்டறைக்கு விறகு தள்ளப் போனார். பத்து வருஷத்தில் கலவை கைக்கு வந்துவிட்டது. இப்போது ஐயம்பேட்டையில் அரக்குச் சிவப்பு என்றால் யேசுதாஸ் போட்ட அரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. கொதிக்கிற அண்டாவில் சிட்டத்தைக் கழியில் மாட்டித் திருப்பித் திருப்பிச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. ஏறிய சாயத்தில் ஒட்டாமல் நிற்பதைக் கழுவி எடுப்பது கிரேஸ் வேலை.

அரக்குக்கு ஏழு தண்ணீர். அதில் பேச்சே கிடையாது. தொட்டியை நிரப்பி, அலசி, திறந்துவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். ஏழாவது தண்ணீர் முடிந்ததும் ஈரச் சிட்டத்தை வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி முறுக்குவார்கள். துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் நூலை நெசவாளி கையில் கொடுப்பது. கொஞ்சம் சிவந்தாலும் எட்டாவது தண்ணீர்.

திறந்துவிட்ட தண்ணீர் எல்லாம் வேலியோரம் வெட்டியிருந்த குழிக்குள் போய் மண்ணில் இறங்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி சிவபாலன் வீட்டு உறைகிணறு.

சிவபாலன் தறி நெய்கிறவன். காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளி கொடுக்கும் நூலை அவனே எடுத்துவந்து யேசுதாஸிடம் சாயத்துக்குப் போடுவான். அவன் பெண்டாட்டி அம்சாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லாவற்றையும் வாயில் வைத்துக்கொண்டிருந்தால் மனசில் வைக்க என்ன இருக்கும் என்று யேசுதாஸ் சொல்வார்.

"கிரேஸ்க்கா, இன்னிக்கி அரக்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள் அம்சா, ஏஞ்சல் கணக்குச் சொன்ன அதே வாரத்தில்.

"ஆமா, உன் வூட்டுக்காரரு குடுத்த நூலுதான். எப்டி தெரியும்?"

"எங்க வூட்டு சோறு சொல்லுச்சி."

"இன்னாடி சொல்ற?"

"குழா தண்ணி ரெண்டு நாளா வரல. கெணத்துல எறச்சி ஒலை வெச்சேன். வடிச்சா சோறு ரோஸ் கலர்ல இருக்குது. பையன் கேசரியாம்மான்னு கேக்கறான்."

சொல்லிவிட்டு அம்சாவே சிரித்தாள். கிரேஸால் சிரிக்க முடியவில்லை.

"அப்டியேவா துன்னீங்க?"

"பின்ன, கொட்டவா முடியும்? சக்கரை இல்லாத கேசரின்னு துன்னுட்டான்."

அன்று கிரேஸ் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். கிரேஸ் களியைக் கிண்டும்போது தங்கள் தண்ணீரிலும் நிறம் இருக்கிறதா என்று பானையை எட்டிப் பார்த்தாள். கிரேஸ் வீட்டு ஆழ்துளைப் போர் நூற்றைம்பது அடி. அதில் நிறம் வராது. அவளுடைய தண்ணீர் போய் இறங்குவது அடுத்த வீட்டில்தான்.

மறுநாளிலிருந்து அவள் குறைக்கத் தொடங்கினாள். அரிசி களைந்த தண்ணீர் கனகாம்பரச் செடிக்கு. துவைத்த தண்ணீரில் வாசல் தெளிப்பது. யேசுதாஸுக்குக் குளிக்க இரண்டே வாளி.

"ரெண்டு வாளியில நான் முதுகு தேய்க்கவா, வயிறு தேய்க்கவா?"

"ஒரு நாளு முதுகு, ஒரு நாளு வயிறு."

"சாயத்துல நிக்கற மனுசன்டி நானு. ஏஞ்சலு, உன் நோட்டுல அப்பா நாத்தம் எவ்ளோன்னு எழுத ஒரு கட்டம் இருக்குதா பாரு."

எல்லாம் செய்தும் எழுபது லிட்டர்தான் இறங்கியது. ஏஞ்சல் உதட்டைப் பிதுக்கினாள். கிரேஸ் தொட்டியைப் பார்த்தாள்.

முதலில் சந்தன நிறத்துக்கு ஒரு தண்ணீர் குறைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சைக்கு இரண்டு குறைத்தாள். அதுவும் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் கரிக்கோடு குறையக் குறைய ஏஞ்சலின் முகம் தெளிந்தது. "சூப்பரும்மா" என்று ஒரு நாள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பத்தொன்பது வயதுப் பெண் அம்மாவைக் கொஞ்சினால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. அரக்கையும் ஏழிலிருந்து ஆறாக்கி, ஐந்தாக்கினாள். இரண்டு முறையும் வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே வந்தது.

ஆவணிக் கடைசியில் சிவபாலன் ஒரு முகூர்த்தச் சேலைக்கு நூல் கொண்டுவந்தான். சந்தன உடல், அரக்குக் கரை. கரையை நல்ல அடர்த்தியாகப் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. யேசுதாஸ் சாயத்தைக் கூட்டிப் போட்டார்.

அன்றைக்குத்தான் கிரேஸ் நாலு தண்ணீரோடு நிறுத்தினாள். சிட்டத்தைத் துண்டில் சுற்றி முறுக்கிப் பிரித்தாள். துண்டில் ரோஜா இதழ்போல் லேசான ஒரு சிவப்பு.

அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். இன்னொரு தொட்டி என்றால் இருநூற்றுப் பத்து லிட்டர். அன்றைய எண்ணை ஏஞ்சல் ஏற்கெனவே எழுதிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

"கிரேஸு, துணி பாத்தியா?" அண்டாப் பக்கமிருந்து யேசுதாஸ் குரல் கொடுத்தார். புகையில் அவர் முகம் தெரியவில்லை.

"பாத்தாச்சு."

"ஒட்டுச்சா?"

"ஒண்ணும் ஒட்டல."

துண்டைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கசக்கிக் கொடியில் போட்டாள். சிட்டங்களை நிழலில் உலர்த்தினாள். மறுநாள் சிவபாலன் வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு அரக்குக்கு நாலு தண்ணீர்தான்.

புரட்டாசியில் கல்லூரிக் கண்காட்சியில் ஏஞ்சலின் அட்டையைச் சுவரில் ஒட்டினார்கள். ஒரே வீட்டில் ஒரு நாளைக்கு எழுநூறு லிட்டர் குறைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் கை தட்டினார்களாம். சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. யேசுதாஸ் அதை ஏசு படத்துக்குக் கீழே மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கோழி அடித்தார்கள். அம்சா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் சிவபாலன் வேலியோரம் நின்று கூப்பிட்டான்.

"ண்ணா, ஒரு நிமிசம் தறியாண்ட வர்றீங்களா?"

அவன் குரல் சரியில்லை. யேசுதாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கிரேஸும் பின்னாலேயே போனாள்.

ஓட்டு வீடு. தறி இருந்த அறையில் ஈர மண் வாசனையும் கஞ்சி வாசனையும் கலந்து அடித்தது. தறிமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சிவபாலன் நீக்கினான். சேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. கரையும் உடலும் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அரக்கு இறங்கிச் சந்தனத்துக்குள் ஓடியிருந்தது.

"ராத்திரி ஓடு ஒழுகிடுச்சிண்ணா. விரிப்புல எங்கயோ ஓட்டை இருந்திருக்குது. சொட்டுச் சொட்டா உழுந்து... காலைலதான் பாத்தேன். எதனா பண்ணி எடுக்க முடியுமா?"

யேசுதாஸ் குனிந்து பார்த்தார். விரலில் எச்சில் தொட்டுக் கரையோரம் வைத்து எடுத்தார்.

"மழத்தண்ணிக்கு இப்டி எறங்காதேப்பா. தண்ணிக் கறதான் நிக்கும். நெறம் ஓடாது."

"ஓடியிருக்குதேண்ணா."

"என் கையில குத்தம் இல்ல. துணி பாக்காம ஒரு சிட்டம் என் வூட்ட உட்டு வெளில வந்ததில்ல. இதோ நிக்கறாளே, அவளையே கேளு. இதும்மேல வேற இன்னா பட்டுச்சி? சோப்பு, சோடா எதனா?"

சிவபாலன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தாண்ணா" என்றாள் அம்சா. அன்றைக்கு அவள் வாய் நீளவில்லை. "பதறிப்போயி, வெந்நீல துணி நனச்சி ஒத்தி எடுத்தேன். ஈரத்த எடுத்துடலாம்னு."

"அதான்!" யேசுதாஸ் தொடையில் தட்டினார். "பட்டுமேல போயி யாரனா வெந்நீ வெப்பாங்களா? சூடு பட்டா எந்தச் சாயமும் கொஞ்சம் கண்ணத் தொறக்கும். கெடுத்துட்டியேம்மா."

"முதலாளி ஆளு பாத்துட்டுப் போயிட்டான்ணா" என்றான் சிவபாலன். "இனிமே உனுக்குப் பாவு நூலு கெடையாதுன்னுட்டான். வூடு ஒழுகற ஆளுங்கிட்டல்லாம் முகூர்த்தச் சேலை குடுக்க முடியாதாம். கார்த்திகை முழுக்க இன்னா பண்ணப்போறேன்னு தெரியல."

கிரேஸ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. அம்சா அவளைப் பார்த்து, "சாப்டியாக்கா?" என்று கேட்டாள், ஏதோ கேட்க வேண்டுமே என்று. "ம்" என்று சொல்லிவிட்டு கிரேஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்று நாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நூல் காயவில்லை என்று யேசுதாஸ் அடுப்பு மூட்டவில்லை. அலசுகிற சத்தம் இல்லாத வீட்டில் வேலிக்கு அப்பால் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"வெந்நீ வெச்சாளாம், வெந்நீ. பிரசவமா பாத்த?"

"ஓடு மாத்துன்னு ஆடிலருந்து சொல்றேன். யாரு கேட்டா?"

"ஓடு ஒழுகுனா தண்ணிக் கறதான் நிக்கும்னு அவரே சொல்லிட்டாரு. நீ கைய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா ஒரு பாவாவது மிஞ்சியிருக்கும்."

கிணற்று உருளை மட்டும் கிறீச்சிட்டது. அம்சா பதில் பேசாத சண்டையைக் கிரேஸ் அதுவரை கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் கையில் இன்னும் அரக்கு இருந்தது. நகக்கண்ணில் ஏறியது பத்து நாளானாலும் போவதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் யேசுதாஸுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அறிவே இல்ல கிரேஸு. தறிக்காரன் பொண்டாட்டி, இத்தினி வருசம் ஆவுது, வெந்நீரப் போயி..."

"அவ கை இல்ல."

"இன்னா?"

"அவ கை இல்லன்னேன். என் கை. நாலு தண்ணியோட நிறுத்திட்டேன்."

யேசுதாஸ் பிசைந்த கையை எடுக்கவில்லை.

"துணி பாத்தேன்னியே?"

"பாத்தேன்."

"ஒட்டுச்சா?"

"லேசா."

"லேசான்னா? இன்னும் மூணு தண்ணிதானே? ஒரு மணி நேர வேல. கை வலின்னா என்னக் கூப்பிட வேண்டிதுதானே?"

"கை வலி இல்ல. ஏஞ்சலு கணக்கு எழுதிட்டா."

சொன்ன பிறகு அது அவளுக்கே கேவலமாக இருந்தது. யேசுதாஸ் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா நின்னு என் கையில குத்தம் இல்லன்னு சொன்னேனே. அந்தப் பொண்ணப் பாத்து நீ கெடுத்துட்டன்னேன். நீ பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த?"

"ஆமா."

"உன்னக் கேளுன்னு வேற சொன்னேன்."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சட்டை மாட்டிக்கொண்டு வேலியோரம் போய்ச் சிவபாலனைக் கூப்பிட்டார். இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காஞ்சிபுரம் போனார்கள். போகிற வழியிலேயே சிவபாலனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு யேசுதாஸ் திரும்பி வந்தார். ஏஞ்சலும் கல்லூரியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுது முடித்திருந்தாள்.

"இன்னா சொன்னாரு முதலாளி?" என்றாள் கிரேஸ்.

"சிவபாலனுக்குப் பாவு குடுப்பாராம். அந்தச் சேலைய முடிச்சி எடுத்து முழுசா அரக்குல முக்கிடுவாங்களாம். வேற பட்டறைல."

"நமக்கு?"

"நமக்குச் சந்தனம், எலுமிச்ச. அரக்கு இனிமே வராது." செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார். "நீ சொன்னதால உன்ன உட்டேன் யேசுதாஸு, ஆனா சேப்பு குடுக்க மனசு வரலன்னாரு. அவரச் சொல்லி இன்னா."

"அவன் இன்னா சொன்னான்? சிவபாலன்?"

"ஒண்ணும் சொல்லல. வர்ற வழில டீ வாங்கிக் குடுத்தான். அதான் தாங்கல."

ஏஞ்சல் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன யாரும்மா அதையெல்லாம் கொறைக்க சொன்னா?"

"நீதானே யானைன்னு வந்து நின்ன."

"நான் சொன்னது குளிக்கற தண்ணிய." மூக்கை உறிஞ்சினாள். "இப்பத்தான் மேடமுக்கு ஃபோன் பண்ணி எங்க கணக்கு தப்பு, எடுத்துடுங்கன்னு சொன்னேன். அவங்க கணக்கெல்லாம் கேட்டுட்டு இன்னா சொன்னாங்க தெரியுமா? வூட்ல செய்யற தொழிலுக்கு ஆவுற தண்ணி இதுல சேராதாம். மொதல்லயே எழுதியிருக்கக் கூடாதாம். கீழ சின்ன எழுத்துல போட்டிருக்குது, நான்தான் பாக்கல. அப்ப நம்ம வூட்டுத் தண்ணி வெறும் முன்னூறு லிட்டரு. கிளாஸ்லயே ரொம்பக் கம்மி."

"ஏழு தண்ணி அலசுனாலுமா?"

"பத்து தண்ணி அலசுனாலும் முன்னூறுதான்."

"அப்ப அம்சா கெணத்துல எறங்குதே, அது யாரு வூட்டுத் தண்ணிடி?"

ஏஞ்சல் சான்றிதழைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். யேசுதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் மழை இல்லை. உருளைச் சத்தம் கேட்டதும் கிரேஸ் வேலியைச் சுற்றிக்கொண்டு அம்சா வீட்டுக்குப் போனாள். அம்சா ஒரு குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, இரண்டாவது குடத்துக்குக் கயிறு விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்சா."

"ம்."

"அரக்கு இனிமே எங்க வூட்டுக்கு வராதும்மா. உன் கெணறு தெளிஞ்சிடும்."

"அதச் சொல்லவா வந்த?"

"இல்ல. மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எதுக்கு? மூணு நாளா என் கையப் பாத்துப் பாத்து நானே அடிச்சிக்கினேன். சோறு எறங்கல. அவரு இன்னா பேச்சு பேசுனாருன்னு உனுக்குக் கேட்டிருக்கும். கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சி."

"கேட்டுக்கினு இருந்த."

"ஆமாம்மா."

அம்சா வாளியை மேலே இழுத்துக் குடத்தில் ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது. கிரேஸ் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் தொடங்கினாள்.

"கெட்ட எண்ணத்துல செய்யல அம்சா. பொண்ணுக்காவ கொஞ்சம், மெய்யாலுமே உனுக்காவத்தான் கொஞ்சம். சோறு செவந்து போச்சுன்னு நீ சொன்னியே, அத நெனச்சித்தான் ஏழ நாலாக்குனேன். தண்ணி கொறஞ்சா உன் கெணத்துக்கு எறங்கறதும் கொறையும்னு."

அம்சா கயிற்றை விட்டாள். முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்றரை மாசம் நீ அப்டி அலசியிருக்க. அந்த ஒன்றரை மாசமும் குழா தண்ணி வராதப்பல்லாம் நான் இதே கெணத்துலதான் எறச்சேன். வேலி இங்கதான் இருக்குது, நானும் இங்கதான் இருக்குறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அம்சா இப்ப தண்ணி எப்டி இருக்குதுன்னு கேட்டியா?"

அத்தனை கரிக்கோட்டில் ஒன்றுகூட இந்தக் கிணற்றடியில் போடப்பட்டதில்லை.

"எப்டி இருந்துச்சி?" என்று இப்போது கேட்டாள்.

"ஏழு தண்ணில கரைஞ்சி வந்தது நாலு தண்ணில வந்தா எப்டிக்கா இருக்கும்? கெட்டியா இருந்துச்சி. சோறு கேசரி இல்ல, பீட்ரூட்டு. கோழிக்கொழம்பு குடுத்து உட்ட அன்னிக்கி அந்தச் சோத்துலதான் ஊத்தித் துன்னோம். நீங்க சந்தோசமா இருந்தீங்களேன்னு சொல்லல."

சொல்லிவிட்டு நிரம்பிய குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தறி ஓடுகிற சத்தம் கேட்டது. சிவபாலன் அந்தச் சேலையின் மிச்சத்தை நெய்துகொண்டிருந்தான். கிரேஸ் கிணற்றுக்குள் குனிந்தாள். வானம் மூடியிருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. தண்ணீர் என்ன நிறமென்று தெரியவில்லை. இன்னும் குனிந்தாள்.

அம்சா வெறுங்குடத்தோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நவுருக்கா" என்றாள். "இன்னும் ரெண்டு கொடம் எறைக்கணும்."